கொக்கி

முந்நூறு அடித்தேன் சிவகாசியில்.
கைவளையல் இரண்டு அடகுக்குப் போனது.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் தலைகீழாக வந்திருந்தது.
"படிக்கிறவங்க திருப்பிக்கிடுவாங்க மேடம்"
என்றார் பைண்டர்.
அதுவரைக்கும் யாராவது வந்தால் சரி என்று
ஆட்டோவில் ஏற்றினேன்.

வேலை, மீட்டர் கணக்கெடுப்பது.
பாப்பாக்குடி, இடைகால், முக்கூடல்:
ஒரு நாளைக்கு நூற்றைம்பது வாசல்.
நாய்களுக்கெல்லாம் என்னைத் தெரியும்.
நாவலுக்கு வைத்த பெயர் 'மும்முனை'.
ஒருத்தி, அவள் புருசன்,
ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும்
மோட்டார் போட வருகிற அடுத்த வயல்காரன்.

ஜங்ஷனில் கடை வைத்திருக்கும் வெயிலுமுத்து அண்ணாச்சி
ஐந்து பிரதி வாங்கி வைத்தார், விற்றால் காசு என்று.
மறுவாரம் போனால்
வயர்மேன் பரீட்சை கைடுகளோடு அடுக்கியிருந்தார்.
நான் வாயைத் திறக்கவில்லை,
நாலு விற்றிருந்தது.
ஒன்று திரும்பி வந்துவிட்டது.
"இதுல ஒரு சர்க்யூட் படங்கூட இல்ல அண்ணாச்சி" என்று
ஒரு தம்பி சண்டைக்கு நின்றானாம்.
மற்ற மூன்று பேர் வரவில்லை.
பரீட்சையில் என்ன எழுதினார்களோ.

வெளியீடு அம்பையில்,
கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில்.
ஐப்பசி மழை.
பதினாலு பேரில் ஆறு பேர் எங்கள் மின்வாரியம்,
ஒருத்தர் வாட்ச்மேன்.
பாராட்ட வந்த பேராசிரியர்
என் ராசகனியைக் கடைசிவரை
'அந்தப் பாத்திரம்' என்றே சொன்னார்.
பெயர் தெரிந்தால்தானே.
பாதியில் கரண்ட் போனது.
ஆறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து
பியூஸ் பார்க்க ஓடினார்கள்.
அன்றைக்கு உயிரோடு நடந்தது அது ஒன்றுதான்.

சுரண்டைக் கல்லூரியில் பதினெட்டு போனது.
ஒரு பிள்ளை கையெழுத்துக் கேட்டாள்.
என் கை, மீட்டர் அட்டையில் போடுகிற
அவசர இனிஷியலைப் போட்டுவிட்டது,
தேதியோடு.
அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், காலே வலிக்கவில்லை.
பிறகு மூன்று மாதம் ஒன்றும் இல்லை.
"படமா வந்தா பாத்துக்கிடுதேன்" என்ற தவசிமுத்து
பெட்டிகளின் மேல் அரிசி மூட்டையை வைத்தார்.
எலி, நல்லவேளை, அரிசியையே தேர்ந்தெடுத்தது.

மாசியில் ஒரு மதியம் முக்கூடலில்
இசக்கித்தாய் வீட்டு மீட்டர் பெட்டிக்கு
எக்கி நின்றபோது
உள்ளேயிருந்து என் வாக்கியம் கேட்டது.
நான் எழுதியதுதான். குரல் வேறு.
மடியில் தட்டோடு பத்துப் பன்னிரண்டு பேர்,
புகையிலைத் தூள், கத்தரித்த இலை,
நடுவில் புஷ்பகனி மகள் படிக்கிறாள்.
அவள் பங்குப் பீடியை
மற்றவர்கள் ஆளுக்கு நூறு சுற்றிக் கொடுக்கிறார்களாம்.
தலைகீழ்ப் பக்கம் வந்தது.
மூச்சு விடாமல் புத்தகத்தைத் திருப்பினாள்.

"ஏது புஸ்தகம்?"
"கடையம் பஸ்ல சீட்டுக்கடியில கெடந்துச்சுக்கா.
வியாழக்கெழம ஆரிபா வீட்டுக்குப் போவும்."

"அந்தச் சவத்துப்பய கூப்பிட்டா
இவ மோட்டார் ரூமுக்குள்ள போயிருவாளாட்டி?"
"நீ நாலு வருசம் செவத்தப் பாத்துப் படுத்துப் பாரு,
பொறவு பேசு."
வாய்த்தகராறு முற்றியது.
என்னை ஒருத்தரும் கேட்கவில்லை.
நான் மீட்டர்க்காரி.

கம்பத்தில் கொக்கி போட்டு இழுத்தால்
அபராதம் எழுத என்னிடம் ஒரு பாரம் உண்டு.
இதுவரை யாருக்கும் இரக்கம் பார்த்ததில்லை.
அன்று அந்த வீட்டு ரீடிங்கை
இரண்டு தடவை தப்பாகத் தட்டி அழித்தேன்.

அரிசி மூட்டைக்குக் கீழே இன்னும்
இருநூற்றுப் பதினொன்று.
நாளைக்கு அண்ணாச்சி கடைக்கு ஐந்து.
கைடுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று
சொல்ல வேண்டும்.
கடையம் பஸ்ஸில் ஒன்று,
ஜன்னலோர சீட்டில்,
மறந்ததுபோல.